நாலு மணித்தியால நித்திரை பழகிப் போகுமா? தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ

முத்தையன்கட்டுப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா மனசுக்குள்ள கிடக்கிற கேள்வி, இஞ்ச ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆக்களும் படிப்பிக்கிற ஆக்களும் இருக்கிறியள் எண்டதால கேக்கிறன். எங்கட பக்கம் இப்ப காலபோக நெல்லு குடலை தள்ளி பால் பிடிக்கிற நேரம், உங்களுக்கே தெரியும், இந்த நேரம் பாத்துத்தான் யானை இறங்கும், ஒரு இரவு விட்டா ஒரு போகமே போச்சு. அதால நானும் அப்பாவும் வயல் காவல் கொட்டில்லதான் இராமுழுக்க. பாலைக் கட்டையைத் தள்ளித் தள்ளி நெருப்பு அணையாம பாக்கிறது, இடைக்கிடை தகரத்தில தட்டுறது, காட்டு ஓரம் ஏதும் முறியிற சத்தம் கேட்டா ரோச் அடிச்சுப் பாக்கிறது, இப்பிடியே போகும். விடியப்புறம் நாலு மணிக்குப் பிறகு கொஞ்சம் கண் அயருவம். பிறகு நான் மோட்டர்சைக்கிள்ல ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளத்துக்கு வேலைக்குப் போகோணும், அப்பா மாடு, தோட்டம் எண்டு வெளிக்கிட்டிடுவார். பின்னேரம் ஒரு குட்டி நித்திரை கிடைச்சா அதிர்ஷ்டம்.

அப்பா சொல்லுறது என்னெண்டா, "பழகினா நாலு மணித்தியாலம் காணும், நாங்கள் சின்ன வயசில இருந்து இப்பிடித்தான்" எண்டு. எனக்கும் தொடக்கத்தில தலை வெடிக்கிற மாதிரி இருந்தது, இப்ப அவ்வளவாத் தெரியேல்லை. ஆனா அம்மா சொல்லுறா ரெண்டு பேரும் எடுத்ததுக்கெல்லாம் சீறி விழுறியளாம், சொன்னதை மறந்து போறியளாம். உண்மையா உடம்பு பழகிக் கொள்ளுமா? சும்மா கண்ணை மூடிப் படுத்துக் கிடந்தாலே உடம்பு ஆறுது தானே, பிறகு ஏன் நினைவே இல்லாம நித்திரை கொள்ளத்தான் வேணும்? தங்கச்சி ஏஎல் படிக்கிறா, அவவும் இரவு ரெண்டு மணி மட்டும் படிச்சிட்டு அஞ்சரைக்கு எழும்பி ரியூசனுக்கு ஓடுறா. மூண்டு பேருக்கும் சேத்துத்தான் கேக்கிறன்.

கிளிநொச்சி ரீச்சர்:

தம்பி, முதல் அந்தப் "பழகிப் போகும்" எண்ட கதையை எடுப்பம், ஆபத்து முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு. 2003இல அமெரிக்காவில பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில வான் டொங்கன், டிங்கஸ் எண்ட ஆய்வாளர்கள் ஆக்களைக் கூட்டங்களாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு இரவில 4 மணித்தியாலம், இன்னொண்டுக்கு 6, மற்றதுக்கு 8 எண்டு 14 நாள் படுக்க விட்டுப் பாத்தவை. திரையில சைகை வந்த உடன பட்டனை அமத்தோணும், அதுதான் சோதினை, ஒரு நாளைக்குப் பல தரம். 8 மணித்தியாலக்காரர் பெரிசா மாறேல்லை. மற்ற ரெண்டு கூட்டமும் நாளுக்கு நாள் கீழ போய்க்கொண்டே இருந்தினம், கடைசியில ஒண்டு ரெண்டு இரவு கண்ணே மூடாத ஆக்களின்ர நிலைக்கு வந்திட்டினம். ஆனா நான் சொல்ல வந்தது அதில்லை. "உங்களுக்கு எவ்வளவு நித்திரைக் கலக்கமா இருக்கு" எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கினம், முதல் சில நாள் கூடச் சொன்ன ஆக்கள் பிறகு அதில நிண்டிட்டினம், பெரிசா ஒண்டுமில்லை எண்ட மாதிரி. களைப்புத் தெரியிறதுதான் நிண்டது, மூளை சறுக்கிறது நிக்கேல்லை. உங்கட அப்பா பொய் சொல்லேல்லை, அவருக்கு உள்ளுக்க அப்பிடித்தான் தெரியும். ஆனா அம்மா வெளியில நிண்டு பாக்கிறா, அவ சொல்லுறதை நம்புங்கோ.

இனி ஏன் நித்திரை எண்டது. நாங்கள் முழிச்சிருக்கேக்க மூளை செலவழிக்கிற சக்தியோட அடினோசின் எண்ட ஒரு பொருள் சேந்துகொண்டு வரும், அது கூடக் கூடக் கண்ணை அமத்தும், நித்திரை கொண்டாத்தான் அது குறையும். இது ஒரு பக்கம். மற்றப் பக்கம் மூளையின்ர அடியில ஒரு மணிக்கூடு இருக்கு, கண்ணால வாற வெளிச்சத்தைப் பாத்துப் பகலா இரவா எண்டு உடம்பு முழுக்கச் சொல்லுறது. இந்த ரெண்டும் சேந்துதான் நித்திரையை நடத்துது எண்டு சூரிச்சில இருந்த போர்பெலி 1982இல எழுதினவர். அந்த மணிக்கூடு செல்லுக்குள்ள எப்பிடி ஓடுது எண்டதைப் பழ ஈயில கண்டுபிடிச்ச மூண்டு பேருக்கு 2017இல நோபல் பரிசே குடுத்தவை. அதாலதான் விடியப்புறம் மூண்டு நாலு மணிக்கு உங்களுக்கு ஆகலும் மோசமா இருக்கும், அப்ப ரெண்டும் சேந்து அமத்துது, அதே ஆள் காலமை எட்டு மணிக்கு நித்திரை கொள்ளாமலே கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி நிப்பார். அது தெளிவில்லை, மணிக்கூடு தூக்கி விடுறது, அவ்வளவுதான்.

சும்மா படுத்துக் கிடக்கிறது தசைக்கு ஆறுதல், மூளைக்கு இல்லை. நித்திரை ஒரே மாதிரி ஓடுற சாமானில்லை, ஏறக்குறைய 90 நிமிசத்துக்கு ஒரு சுற்று. முன்னிரவில ஆழ்ந்த நித்திரை கூட, அப்ப மூளையில பெரிய மெதுவான அலை ஓடும், வளர்ச்சி ஹோர்மோன் கூடச் சுரக்கிறதும் அந்த நேரம்தான். விடியலை அண்டின நேரம் கனவு நித்திரை கூட, மூடின இமைக்குள்ள கண் முழி ஓடிக்கொண்டிருக்கும், குழந்தைப் பிள்ளையள் படுத்திருக்கேக்க பாத்திருப்பியள். இதைச் சிக்காகோவில 1953இலதான் ஆய்வில முதல் எழுதினவை. முழிச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தாலும் இது ரெண்டும் நடக்காது. உங்கட தங்கச்சி இழக்கிறது கூடுதலா அந்தக் கடைசிச் சுற்றுகளைத்தான்.

அவவுக்கு ஒண்டு சொல்லுங்கோ. 1924இலயே ஜென்கின்ஸ், டாலன்பாக் எண்ட ரெண்டு பேர் பொருளில்லாத எழுத்துக் கூட்டங்களைப் பாடமாக்க விட்டு, பிறகு அதே ஆக்கள் நித்திரை கொண்ட நேரத்தையும் முழிச்சிருந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாத்தவை, நித்திரை கொண்ட நேரத்துக்குப் பிறகுதான் கூட ஞாபகம் நிண்டது. அதுக்குப் பிறகு எத்தினையோ ஆய்வு வந்திட்டுது. ரெண்டு மணி மட்டும் இருந்து படிச்சதைப் பதிய வைக்கிற வேலையே நித்திரையிலதான் கனக்க நடக்குது, அதை வெட்டிப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பாடமாக்கி என்ன செய்யிறது. 13இல இருந்து 18 வயசு மட்டும் 8 தொடக்கம் 10 மணித்தியாலம் வேணும். அந்த வயசில உடம்பு மணிக்கூடும் பிந்தித்தான் ஓடும், பிள்ளையள் சோம்பேறி எண்டு ஏசுறம், உண்மையில அவையால வெள்ளனப் படுக்க ஏலாது. விடியக் காலமை வகுப்பு வைக்கிற ஆக்கள் இதை யோசிக்கோணும். எனக்கு இதில சரியான கோபம் இருக்கு, முன் வாங்கில இருந்து தூங்கி விழுற பிள்ளையளைப் பாத்துக்கொண்டு படிப்பிக்கிற ஆள் நான்.

ஏ9 லொறிக்காரன்:

ரீச்சர் சொன்னதோட நான் றோட்டுக் கதையைச் சேக்கிறன், ஏனெண்டா தம்பி மோட்டர்சைக்கிள்ல போறன் எண்டு எழுதினதைப் பாத்திட்டுத்தான் நிண்டனான். யானையை விட எனக்கு அந்த மாங்குளம் றோட்டுத்தான் பயமா இருக்கு.

நான் கிளிநொச்சியில இருந்து கொழும்புக்கு இரவு லோட் அடிக்கிறனான். நித்திரை தூங்கிறது எண்டா தலை கீழ விழும், உடன தெரியும் எண்டு எல்லாரும் நினைக்கினம். அப்பிடியில்லை. மூளை ரெண்டு மூண்டு செக்கன், சில நேரம் கூட, அப்பிடியே நிண்டு போகும், கண் திறந்தபடியும் இருக்கலாம், கை ஹாண்டில்லதான் இருக்கும், ஆனா ஆள் இல்லை. 60இல போய்க்கொண்டிருக்கிற வாகனம் நாலு செக்கன்ல 65 மீற்றருக்கு மேல போயிடும். மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில இருட்டில மாடு றோட்டில படுத்துக் கிடக்கும், உங்களுக்குத் தெரியும், அந்த நாலு செக்கனுக்குள்ள அது எழும்பப் போறதில்லை. முதல் அடையாளம் என்னெண்டா, கடந்து வந்த மதகும் சந்தியும் ஞாபகத்தில இராது, "எப்ப கனகராயன்குளம் தாண்டினனான்" எண்டு யோசிப்பியள். அது வந்தா ஓடக் கூடாது, அவ்வளவுதான். யன்னலைத் திறக்கிறது, பாட்டைக் கூட்டி விடுறது, வெத்திலை போடுறது, முகம் கழுவுறது எல்லாம் எங்கட தொழில்ல எல்லாரும் செய்யிறதுதான், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு திருப்பி அமத்தும். வெளிச்சம் இருக்கிற கடையடியில ஓரங்கட்டி ஒரு இருவது நிமிசம் கண்ணை மூடினா அதுதான் வேலை செய்யும். முதலாளி கோல் எடுத்தா எடுக்கட்டும்.

தேத்தண்ணி, கோப்பி பற்றியும் சொல்லோணும். மூளையை ஒரு பஸ் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, அடினோசின் போய் இருக்கவேண்டிய சீற்றில தேத்தண்ணி, கோப்பியில இருக்கிற கஃபேன் போய் இருந்திடுது, அதால நித்திரை தெரியாது, ஆனா அடினோசின் இறங்கிப் போகேல்லை, பஸ்ஸுக்குள்ள நிண்டுகொண்டுதான் இருக்குது. கஃபேன் எழும்பின உடன எல்லாம் சேந்து வந்து இருக்கும். உடம்பில பாதி குறையவே அஞ்சு மணித்தியாலம் அளவில எடுக்கும். அதால விடியப்புறம் மூண்டு மணிக்குக் கொட்டில்ல சாயத் தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு நாலரைக்குப் படுத்தா அந்தக் கொஞ்ச நித்திரையும் ஒழுங்கா வராது.

நெடுங்கேணி அப்பையா:

பிள்ளையள் கோபிக்கக் கூடாது. நாங்கள் இந்தக் காட்டோட பிறந்து வளந்த ஆக்கள், எட்டு மணித்தியாலம் எண்டு ஆர் மணிக்கூடு பாத்துப் படுத்தது. பன்றிக் காவல், யானைக் காவல், சூடு அடிக்கிற நாளில விடிய விடிய வேலை, எல்லாம் செய்துதான் இந்தக் காணியளைத் திருத்தி எடுத்தது. எங்கட பெரியவர் எண்பது தாண்டி இருந்தவர். வெளிநாட்டில ஒரு பெடியன் பதினொரு நாள் நித்திரை கொள்ளாம இருந்தவன் எண்டும் பேப்பரில பாத்தனான், சாகேல்லையே. யானை கூடத்தான் இராமுழுக்க முழிச்சுத் திரியுது, அதுக்கு என்ன குறை?

கிளிநொச்சி ரீச்சர்:

அப்பையா, நீங்கள் கேட்டது நல்லது, பாதி சரியும் கூட. எல்லாருக்கும் எட்டே எட்டு எண்டு இல்லை, வளந்த ஆக்களுக்கு 7 அல்லது அதுக்கு மேல எண்டுதான் சொல்லுறவை. 2015இல தன்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில மின்சாரம் இல்லாம வாழுற மூண்டு சமூகங்களை அளந்து பாத்தவை, அவை நித்திரை கொண்ட நேரம் சராசரியா 5.7 தொடக்கம் 7.1 மணித்தியாலம்தான். ஆனா அவை நாள் தவறாம ஒரே ஒழுங்கில படுத்து எழும்பினம், நித்திரை வரேல்லை எண்ட முறைப்பாடே மிச்சம் குறைவு. உங்கட காலத்திலயும் இருட்டினாப் படுக்கை, சேவல் கூவ எழும்புறது, மத்தியானம் மர நிழல்ல ஒரு சரிவு. காவல் இருந்த நாளுக்கு அடுத்த பகல் ஆரும் 8 மணிக்கு ஒப்பிசில கையெழுத்து வைக்கேல்லை. தம்பிக்கு இரவும் இல்லை பகலும் இல்லை, அதுதான் வித்தியாசம்.

அந்தப் பெடியன் ரண்டி கார்ட்னர், 17 வயசு, அமெரிக்காவில சான் டியாகோ. 1963 முடிஞ்சு 1964 பிறக்கிற நேரம் 264 மணித்தியாலம் முழிச்சிருந்தவர், டிமென்ட் எண்ட நித்திரை ஆய்வாளரும் போய்ப் பாத்தவர். சாகேல்லை, உண்மை. ஆனா ஞாபகம் தடுமாறி, எரிச்சல் வந்து, இல்லாததை இருக்கிறதா நினைக்கிற அளவுக்குப் போனவர். வயசு போன காலத்தில நித்திரையே வராம அவர் பட்ட கஷ்டத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். கின்னஸ்காரர் பிறகு அந்தச் சாதனையைப் பதியிறதையே நிப்பாட்டிட்டினம். சிக்காகோவில ரெக்ட்சாஃபன் எண்டவர் எலியளை விடாம முழிக்க வைச்சுப் பாத்தவர், வழமையை விடத் தீனி கூடத் திண்டும் எலியள் உடம்பு மெலிஞ்சு கிழமைக் கணக்கில எல்லாம் செத்துப் போச்சு.

யானையைப் பற்றிக் கேட்டியள். பொட்ஸ்வானாவில கூட்டத்துக்குத் தலைவியா இருந்த ரெண்டு பெண் யானையளின்ர தும்பிக்கையில கருவி பூட்டிப் பாத்தவை, 2017இல வெளிவந்தது, ஒரு நாளைக்குச் சராசரி ரெண்டு மணித்தியாலம்தான் நித்திரை. அது ஆபிரிக்க யானை, எங்கட காட்டு யானை வேற இனம். ஆனா ரெண்டு மணித்தியாலம் எண்டாலும் கொள்ளுது தானே. மூளையே இல்லாத ஒரு வகை ஜெலிமீன் கூட இரவில நித்திரை மாதிரி அடங்கிக் கிடக்குது எண்டும் அதே வருசம் எழுதினவை. இவ்வளவு உயிரும் எதிரி வந்து தின்னக்கூடிய நேரத்தில செயலிழந்து கிடக்குது எண்டா அந்த வேலை எவ்வளவு முக்கியமா இருக்கோணும். முழுசா என்ன வேலை எண்டதில விஞ்ஞானியள் இன்னும் அடிபட்டுக்கொண்டுதான் இருக்கினம். முழிச்சிருக்கேக்க விட நித்திரையில மூளைக் கழிவு கூடுதலாக் கழுவுப்படுது எண்டு 2013இல சுண்டெலியில காட்டினவை, 2024இல வேறொரு குழு இல்லை, குறையுது எண்டு காட்டுது.

இரா டியூட்டி:

நான் நேர்ஸ். காலமை டியூட்டி முடிஞ்சு வந்து வாசிச்சன், படுக்க முதல் எழுதிப் போட்டுப் போறன்.

எங்கட கிளினிக்குக்கு வாற ஆக்களில சீனி, பிரசர் கூடிக்கொண்டு போகுது, சாப்பாட்டைக் கேக்கிறம், நடக்கிறீங்களா எண்டு கேக்கிறம், நித்திரையைக் கேக்கிறது குறைவு. 1999இல சிக்காகோவில சுகமா இருந்த இளம் ஆம்பிளையளை ஆறு இரவு 4 மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டுப் பாத்தவை, அந்த ஒரு கிழமைக்குள்ளயே உடம்பு சீனியைக் கையாளுற விதம் கெட்டுப் போச்சு, நித்திரை குடுத்த உடன திரும்பிச்சு. 2015இல தடிமன் கிருமியை மூக்கில விட்டுப் பாத்த ஆய்வில 6 மணித்தியாலத்துக்குக் குறைவா நித்திரை கொண்ட ஆக்களுக்கு 7க்கு மேல கொண்ட ஆக்களை விட 4 மடங்குக்கு மேல தடிமன் பிடிக்கிற வாய்ப்பு. இரவு மாறி மாறி வேலை செய்யிறது புற்றுநோய்க்கு அனேகமாக் காரணமாகலாம் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல சொல்லி 2019இலயும் அதையே சொல்லியிருக்கு. பயப்படுத்திறதுக்குச் சொல்லேல்லை, நானும் அந்த வேலைதான் செய்யிறன்.

விடியப்புறம் நாலு மணிக்கு நாங்கள் மருந்து அளவை எடுத்தா ரெண்டு பேராப் பாப்பம், ஒராள் சத்தமா வாசிக்க மற்றாள் போத்தலைப் பிடிச்சு லேபிளைப் பாக்கோணும். அந்த நேரத்து மூளையை நம்பக் கூடாது எண்டதுக்காகத்தான். ஆஸ்திரேலியாவில 1997இல காட்டினவை, 24 மணித்தியாலம் முழிச்சிருக்கிற ஆளின்ர கையும் மூளையும் இரத்தத்தில 0.10 வீதம் மதுசாரம் இருக்கிற ஆளின்ரயைப் போலத்தான் வேலை செய்யும். வெறியில ஒராள் யானையைக் கலைக்கிற யானை வெடி கொழுத்துறதை உங்கட அப்பா பாத்துக்கொண்டு இருப்பாரா? நித்திரை முழிச்ச கையும் அந்தக் கைதான், அதால வெடி கொழுத்துற வேலையை ரெண்டு பேரும் சேந்து நிண்டு செய்யுங்கோ.

தம்பி, காவலுக்குப் போக முதல் பின்னேரம் ஒண்டரை மணித்தியாலம் படுக்கப் பாருங்கோ, ஒரு முழுச் சுற்று கிடைக்கும். அது ஏலாட்டி இருவது நிமிசம். இடையில நாப்பது அம்பது நிமிசத்தில எழுப்பினா ஆழத்தில இருந்து எழும்பின மாதிரி தலை சுத்திக் கொண்டு நிக்கும், எழும்பின உடன வாகனத்தில ஏறவும் கூடாது. லீவு நாளில பகல் படுக்கிறதெண்டா தகரக் கூரைக்குக் கீழ படுக்காதேங்கோ, பத்து மணிக்குப் பிறகு அது அடுப்பு, உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினாத்தான் நித்திரை பிடிக்கும். மரத்துக்குக் கீழ, காத்துப் படுற இடத்தில, நுளம்பு வலை கட்டி, கண்ணை ஒரு துணியால மூடிக்கொண்டு படுங்கோ. அப்பா பலத்த குறட்டை விட்டு இடையில மூச்சு நிண்டு திணறுறவரா எண்டும் அம்மாவைக் கேளுங்கோ, அப்பிடியெண்டா எத்தினை மணித்தியாலம் படுத்தாலும் நித்திரை காணாது, டொக்டரிட்டக் காட்டோணும்.

புதுக்குடியிருப்பு அம்மா:

எல்லாரும் நேரமில்லாததைப் பற்றிக் கதைக்கிறியள். எனக்கு நேரம் இருக்கு மக்கள், நித்திரைதான் இல்லை. 2009க்குப் பிறகு ஒழுங்கா ஒரு இரவு இல்லை. பக்கத்து வயல்ல யானை வெடி போட்டா நெஞ்சு அடிச்சு எழும்பி இருந்திடுவன், பிறகு விடியும் மட்டும் கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதுதான். தெரியும், இது யானைக்குப் போடுறது எண்டு தெரியும், ஆனா உடம்பு கேக்காது. இதுக்கும் ஏதும் வழி இருக்கோ, குளிசை போட விருப்பமில்லை.

இரா டியூட்டி:

அம்மா, இருக்கு. இது உங்கட மனப் பலவீனம் இல்லை, ஆபத்து இருந்த காலத்தில உயிரைக் காப்பாத்தின அந்த முழிப்பு இன்னும் அணையாம நிக்குது. மாவட்ட ஆஸ்பத்திரியளில மனநலப் பிரிவு இருக்கு, அங்க போறதில வெக்கப்பட ஒண்டுமில்லை, வெடிச் சத்தத்துக்கு நெஞ்சு அடிக்கிறதையும் கனவுகளையும் அங்க கட்டாயம் சொல்லுங்கோ, அதுக்கு வேறயா வைத்தியம் இருக்கு. நித்திரையின்மைக்கு இப்ப முதல் வைத்தியமாச் சொல்லுறதே குளிசை இல்லை, பேசிப் பழக்கத்தை மாத்துற முறைதான். அதில ரெண்டு விசயம் இண்டைக்கே தொடங்கலாம். நித்திரை வராம புரளத் தொடங்கினா பாயில கிடக்காதேங்கோ, எழும்பி விறாந்தையில இருந்து மங்கல் வெளிச்சத்தில கடகம் பின்னுறதோ ஏதும் மெல்லிய வேலை பாருங்கோ, கண் சொக்கினாப் பிறகு திரும்பப் போய்ப் படுங்கோ. இரவு எப்பிடிப் போனாலும் காலமை எழும்புற நேரத்தை மாத்தாதேங்கோ. தொடக்கத்தில கஷ்டமாத்தான் இருக்கும். உங்களுக்குப் பக்கத்து வயல்காரரைத் தெரியும் எண்டா, வெடி போட முதல் ஒருக்கா போன் அடிக்கச் சொல்லிக் கேளுங்கோ, செய்வினம்.

முத்தையன்கட்டுப் பொடியன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், அப்பாவும் பக்கத்தில இருந்து கேட்டவர், லொறி அண்ணா எழுதினதுக்குப் பிறகு ஒண்டும் பேசேல்லை. இப்ப எங்கட வரிசையில இருக்கிற நாலு வயல்காரரும் சேந்து ஒரே கொட்டில்ல முறை வைச்சுக் காவல் இருப்பம் எண்டு கதைச்சிருக்கிறம், முன்னிரவு ரெண்டு பேர், பின்னிரவு ரெண்டு பேர். ஆர் எந்த முறை நிக்கிறது எண்டதிலதான் இழுபறி, எல்லாரும் முன்னிரவுதான் கேக்கினம். கிழமைக்குக் கிழமை மாத்துவமோ?

கிளிநொச்சி ரீச்சர்:

மாத்தாதேங்கோ தம்பி, மாத்த மாத்த மணிக்கூடு குழம்பும், ஒரே ஆள் ஒரே முறை நிண்டாத்தான் உடம்புக்குச் சுகம். வயசைப் பாத்துப் பிரியுங்கோ. இளம் ஆக்களுக்கு மணிக்கூடு பிந்தி ஓடும், அவை ஒரு மணி மட்டும் கஷ்டமில்லாம இருப்பினம். வயசு போன ஆக்கள் இருட்டின உடனயே படுத்து விடியப்புறம் தானா எழும்புறவை, பின்னிரவு அவைக்கு. தன்சானியாவில ஹாட்சா எண்ட வேட்டைச் சமூகத்தில 33 பேருக்குக் கைக்கருவி கட்டி 20 நாள் பாத்தவை, 2017இல வந்தது, அவ்வளவு நாளிலயும் 33 பேரும் ஒரே நேரத்தில நித்திரையா இருந்தது மொத்தம் 18 நிமிசம்தான். ஆரும் முறை போட்டுக் காவல் வைக்கேல்லை, வயசுக்கு வயசு நித்திரை நேரம் வேறயா இருக்கிறதால எப்பவும் ஆரோ ஒராள் முழிப்பு. அப்ப நீங்களும் உங்கட வயசுக்காரப் பெடியனும் எட்டு மணியில இருந்து ஒரு மணி மட்டும், அப்பாவும் மற்றப் பெரியவரும் ஒண்டில இருந்து விடியும் மட்டும். அப்பா ஏழரைக்கே சாப்பிட்டிட்டுப் படுக்கோணும், அதை அம்மாவைப் பாக்கச் சொல்லுங்கோ. நீங்கள் முறை முடிஞ்ச உடன கொட்டில்ல கதைச்சுக்கொண்டு இருக்காம வீட்டை போய்ப் படுத்தா ஏழு மணி மட்டும் ஆறு மணித்தியாலம் கிட்ட வரும், மிச்சத்தைப் பின்னேரம் எடுங்கோ. தங்கச்சியின்ர ரியூசன் நேர அட்டவணையையும் ஒருக்கா எழுதி அனுப்புங்கோ, எந்த வகுப்பை விடலாம் எண்டு நான் பாத்துச் சொல்லுறன்.